யாருக்கு, எத்தனை முறை? பள்ளிச் செயல்பாடுகளும் பிள்ளைகளின் தன்னம்பிக்கையும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் காலை ப்ரேயர் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறள், அதன் பொருள், ஒரு பழமொழி, அன்றைய செய்திகள், பொது அறிவுக் கேள்வி ஒன்று, கடைசியில் நாட்டுப்பண். பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிந்து வகுப்புக்குப் போய்விடுவார்கள். இதைத் தனியாக ஒரு செயல்பாடு என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் வாழ்க்கைத் திறன்களையும் தன்னம்பிக்கையையும் வளர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்கள் என்று வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள் முன்னால் வந்து குறளோ செய்தியோ சொன்னால், ஆண்டுக்கு 1,100 வாய்ப்புகள். 200 பேர் படிக்கிற நடுநிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஐந்து முறையாவது கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டை மட்டும் கணக்கிட்டாலும், எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிறபோது அந்தப் பிள்ளை குறைந்தது பதினைந்து முறை முழுப் பள்ளிக்கும் முன்னால் நின்று பேசியிருக்கும். இதற்குத் தனிச் செலவும் இல்லை, தனி ஆசிரியரும் வேண்டாம்.

நடப்பில் என்ன ஆகிறது? பெரும்பாலான இடங்களில் ஜூன் மாதம் தேர்ந்தெடுத்த நாலைந்து பிள்ளைகளே ஏப்ரல் வரைக்கும் வாசிக்கிறார்கள். தப்பில்லாமல் நடக்க வேண்டும், அதிகாரிகள் வருகிற நாளில் தடுமாறிவிடக் கூடாது என்ற கவலை தலைமையாசிரியருக்கு இருக்கும். அது நியாயமான கவலைதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது வரிசையில் நிற்கிற மற்ற பிள்ளைகள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னும் இருநூறு நாள் பழக்கம் கூடுகிறது. திணறுகிற பிள்ளை இருநூறு நாளும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

கலை விழா, அறிவியல் மன்றம், சாரணர் இயக்கம், தோட்டம், நாடகம், விளையாட்டு என்று பள்ளிகளில் நடக்கிற எல்லாவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தச் செயல்பாடு உயர்ந்தது என்பது அப்புறம் வருகிற கேள்வி. முதல் கேள்வி, அது யாருக்குக் கிடைக்கிறது, எத்தனை முறை கிடைக்கிறது என்பதுதான்.

இதற்கு உளவியலில் உறுதியான அடிப்படை இருக்கிறது. 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு கட்டுரை எழுதினார். நான்கு வழிகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற இன்னொருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் சொல்கிற ஊக்க வார்த்தை மூன்றாவது. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம் போன்ற உடல் நிலையை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது நான்காவது. இவற்றில் மிக வலுவானது முதலாவது என்பதே அவர் சொன்னதன் சாரம். ஊக்க வார்த்தை தனியாக நின்று அதிக நாள் தாங்காது. உன்னால் முடியும் என்று நூறு பேர் சொன்னாலும், ஒரு முறை செய்து பார்த்துத் தோற்றால் அந்த வார்த்தை போய்விடும்.

நம் பள்ளிகள் அதிகம் நம்புவது அந்த மூன்றாவது வழியைத்தான். வெளியிலிருந்து பேச்சாளரை அழைக்கிறோம். மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். ஒன்றரை மணி நேரம் அவர் நன்றாகவே பேசுகிறார், பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பேசிப் பழகியவர் ஏற்கெனவே பேசத் தெரிந்த ஒருவர் மட்டும்தான்.

இரண்டாவது வழியில் 'தன்னைப் போன்ற' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற மாணவி மேடையில் கணீரென்று பேசுவதைப் பார்த்தால் கடைசி பெஞ்சுப் பையனுக்கு எந்த நம்பிக்கையும் வராது. அவள் அப்படித்தான் என்று விட்டுவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, தன்னைப் போலவே திக்குகிற நண்பன் எழுந்து போய் நாலு வரி செய்தி வாசித்துவிட்டு வந்தால், அது வேறு விஷயம்.

அந்த நாலு வரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் முறை வாசிக்கிற பிள்ளை தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கும். குரல் முன்வரிசையைத் தாண்டாது. 'நாடாளுமன்றம்' போன்ற சொல் வந்ததும் நின்றுவிடும். பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தாளை வாங்கித் தானே வாசித்து முடித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே தாளைக் கொடுத்து, வராந்தாவில் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கடினமான சொல்லைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால், காலையில் தடுமாற்றம் பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டாவது முறை தாள் கொஞ்சம் கீழே இறங்கும். மூன்றாவது முறையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு முறை வாய்ப்புக் கொடுத்துவிட்டு 'இவனுக்கு வராது' என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த மூன்றாவது முறையைப் பார்ப்பதே இல்லை.

வாழ்க்கைத் திறன்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்? உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், புதிதாகச் சிந்தித்தல், ஆராய்ந்து சிந்தித்தல், கருத்தைத் தெளிவாகச் சொல்லுதல், பிறரோடு இணங்கிப் பழகுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். நல்ல பட்டியல்தான். ஆனால் இவற்றை ஒரு பாடமாக எழுதி, பின்னால் ஐந்து கேள்வி கொடுத்தால், 'முடிவெடுத்தல் என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் பிள்ளை சரியாக விடை எழுதிவிடும். எந்த முடிவும் எடுத்திருக்காது. முடிவெடுக்கப் பழக வேண்டுமானால், எடுக்கிற முடிவால் ஏதாவது ஒன்று உண்மையிலேயே மாற வேண்டும்.

இதற்குச் சில பள்ளிகளில் நடத்துகிற சந்தை நாள் நல்ல உதாரணம். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து கீரை, முருங்கைக்காய், நெல்லிக்காய், சுண்டல், மோர் என்று கொண்டுவந்து விற்பார்கள். சுண்டல் போடுகிற ஏழாம் வகுப்புக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கடலையை ஊறவைத்து அவித்தால் எத்தனை கப் வரும் என்று அவர்கள் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். தேங்காய், மாங்காய் சேர்த்தால் ருசி கூடும், லாபம் குறையும். கப் ஐந்து ரூபாயா, பத்து ரூபாயா? பதினோரு மணிக்குப் பக்கத்துக் குழு விலையைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது? கல்லாவில் யார் உட்காருவது? கூவி விற்கப் பயப்படுகிற பையன் கணக்கெழுத உட்காரலாமா, இல்லை அவனையும் ஒரு பத்து நிமிடம் கூவச் சொல்ல வேண்டுமா? மதியம் கணக்கு முடிக்கும்போது இருபது ரூபாய் குறைந்தால் யாரைக் குற்றம் சொல்வது? உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் பாதிக்கு மேல் அந்தச் சுண்டல் அண்டாவைச் சுற்றியே நடந்துவிடுகிறது.

ஆனால் இதே சந்தையை வீணாக்கவும் முடியும். அம்மாக்கள் சமைத்து, டீச்சர் விலை வைத்து, பிள்ளைகள் சீருடையில் பின்னால் நின்றால் அது சந்தை மாதிரி ஒரு கண்காட்சி, அவ்வளவுதான். சுண்டல் மிஞ்சட்டும், நஷ்டமாகட்டும். மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து எங்கே தவறியது என்று பேச ஒரு பீரியட் ஒதுக்குவதும் அடுத்த பருவத்தில் இன்னொரு முறை நடத்துவதும்தான் முக்கியம்.

அறிவியல் செயல்பாடுகளிலும் இதே நிலைதான். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்காக வந்தது. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று எளிய பொருள்களை வைத்துச் சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள். மிகவும் தேவையான திட்டம். ஆனால் மேசையில் கருத்தாளர் செய்ய, நாற்பது பேர் எட்டி எட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் மட்டுமே கிடைக்கும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் எலுமிச்சைப் பழம், செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணி, சின்ன எல்இடி விளக்கு என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு பழத்தில் விளக்கு எரியாது, ஏனென்றால் ஒரு பழத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால்தான் மங்கலாக எரியும். விளக்கின் கால்களை மாற்றி இணைத்தாலும் எரியாது. ஆணியும் கம்பியும் பழத்துக்குள்ளே ஒட்டிக்கொண்டாலும் எரியாது. ஏன் எரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியில் எரிய வைக்கிற குழுவுக்குக் கிடைப்பது மின்வேதியியல் பாடம் மட்டும் இல்லை. ஒன்று வேலை செய்யாவிட்டால் உட்கார்ந்து ஆராயலாம் என்ற பழக்கம் அங்கே விழுகிறது. முதல் முயற்சியிலேயே எரிந்துவிட்ட குழுவை விட, அரை மணி நேரம் போராடிய குழுதான் அன்றைக்கு அதிகம் கற்றது என்பேன்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். 1980-இல் தொடங்கிய இயக்கம் அது. 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழை 1987 முதல் நடத்துகிறது. 1993-இலிருந்து நாடு முழுக்க நடக்கிற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் கொண்டுசென்றதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள், ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும். தெருக்குழாயில் வீணாகிற தண்ணீர், குளத்தில் சேர்கிற குப்பை, ஊரில் அழிந்துவருகிற நெல் வகை என்று எதுவாகவும் இருக்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், கையில் நோட்டோடு பிள்ளைகள் வீடு வீடாகப் போவது. "அண்ணே, உங்க வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணி செலவாகுது?" என்று தெரியாத ஒருவரிடம் முதல் தடவையாகக் கேட்பது பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சாதாரண விஷயம் இல்லை. முதல் வீட்டு வாசலில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். பத்தாவது வீட்டில் "இல்லக்கா, குடத்துக் கணக்குல சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்பார்கள். பெரியவர்களைக் கேள்வி கேட்கலாம், அவர்கள் மரியாதையாகப் பதில் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பிள்ளையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும், தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்று சொல்கிறது. சட்டத்தின் அந்த வரி நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்தப் பத்தாவது வீட்டு வாசலைக் காட்டலாம்.

அடுத்து கலைத் திருவிழா. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய இந்த விழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று விருது. சிலருக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் உண்டு. ரேங்க் அட்டையில் பெயர் வராத பிள்ளைகள் பல பேரை இந்த மேடை ஊரறிய வைத்திருக்கிறது. வீட்டில் பறையடிக்கிற பையன், கூத்துக் குடும்பத்துப் பெண், சுவரில் கரித்துண்டால் வரைந்துகொண்டிருந்தவள் என்று, அதுவரை படிப்பு வராதவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த பிள்ளைகளைப் பள்ளி முதல் முறையாகப் பெருமையோடு பார்த்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனாலும் போட்டி என்றாலே சலித்து எடுப்பதுதான். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைவார்கள். மாநில மேடையைப் பற்றி நிறைய எழுதுகிறோம். பள்ளி அளவில் முதல் சுற்றில் வெளியேறிய பிள்ளையைப் பற்றி எழுதுவதில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் மிக மிக அதிகம். அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதும் அது ஒன்றுதான் மேடை என்றால், 'எனக்குக் கலை வராது' என்று அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். வழி இருக்கிறது. பள்ளி அளவிலான விழாவை அடுத்த கட்டத்துக்கு ஆள் தேர்வு செய்கிற சோதனையாக நடத்தாமல், அதையே முழு விழாவாக நடத்தலாம். மேடைக்கு முன்னால் வருகிற வேலைகள் ஒரு பங்கு என்றால் பின்னால் இருக்கிற வேலைகள் மூன்று பங்கு. ஒப்பனை, மைக், நிகழ்ச்சி நிரல், நாற்காலி, விருந்தினரை வரவேற்பது, நேரம் பார்ப்பது, சண்டை வந்தால் சமாதானம் செய்வது எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விடலாம். கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

2024-இல் வந்த மகிழ் முற்றம் இந்த வகையில் நல்ல யோசனை. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வார்கள். யாரும் தேர்வாகி உள்ளே வர வேண்டியதில்லை. குழுத் தலைவர் பொறுப்பு ஒருவரிடமே ஆண்டு முழுதும் நிற்காமல் கைமாறினால் இதன் பலன் பல மடங்காகும்.

இதெல்லாம் நல்ல எண்ணம், ஆனால் பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ராஜஸ்தானில் ஆறாம் வகுப்பிலிருந்து வளரிளம் பெண்களுக்குப் பள்ளியிலேயே வாழ்க்கைத் திறன் வகுப்புகளும் வழிகாட்டுதலும் கொடுத்து, அப்படிக் கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் படிப்பை நிறுத்துவது 25 சதவீதம் குறைந்தது. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில், லுசாகா நகரத்தில், எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு இரண்டே வாரங்களில் ஆறு அமர்வுகளில் பேச்சுவார்த்தைத் திறன் கற்றுக்கொடுத்தார்கள். தனக்கு என்ன வேண்டும் என்பதை வீட்டாரிடம் எப்படி எடுத்துச் சொல்வது, எதிரில் இருப்பவரின் தேவையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் பாடம். ஒப்பீட்டுக்காக இன்னொரு குழுப் பெண்களுக்குக் கூடிப் பேசவும் விளையாடவும் பாதுகாப்பான இடம் மட்டும் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கல்வியில் அதிக முன்னேற்றம் தெரிந்தது பேச்சுவார்த்தை பழகிய பெண்களிடம்தான். கூடியிருப்பது நல்லது, ஆனால் ஒரு திறனைச் சொல்லிக் கொடுத்துப் பழக்குவது அதைவிடக் கூடுதலாக ஏதோ ஒன்றைச் செய்கிறது. 'மேலே படிக்க வேண்டும்' என்று அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்ப்பது நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. பல பள்ளிகளில் நடனம், நாடகம், கபடிப் பயிற்சி எல்லாம் நாலரை மணிக்கு மேல்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. ஆர்வமில்லை என்று நாம் நினைக்கிற பலருக்கு உண்மையில் இல்லாதது பேருந்துதான். பள்ளி நேரத்துக்குள் நடக்காத எந்தச் செயல்பாடும் ஒரு பகுதிப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆசிரியர்கள் பக்கமும் பேச வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிற தொடக்கப் பள்ளிகள் நிறைய உண்டு. அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பதிவேடு, ஒரு புகைப்படம், ஒரு செயலியில் பதிவேற்றம் என்று வந்தால், நடத்துவதை விட நடந்ததாகக் காட்டுவதற்கே நேரம் போய்விடும். பிள்ளைகள் பாதி வேலையில் இருக்கும்போது 'எல்லாரும் இங்க பாருங்க' என்று நிறுத்திப் படம் எடுப்பதை இப்போது எங்கும் பார்க்கலாம். பத்துச் செயல்பாடுகளை ஒருமுறை செய்வதை விட இரண்டைப் பத்து முறை செய்ய விடுவது ஆசிரியருக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

மேல் வகுப்புகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்பதாம் வகுப்பின் பாதியிலேயே பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பில் மன்றங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளில் இன்னும் உயிரோடு இருப்பதால் பதினோராம் வகுப்பில் சிலருக்கு ஏழு நாள் முகாம் கிடைக்கிறது. வேறு ஊரில் தங்கி, முறை வைத்துச் சமைத்து, கோயில் வளாகத்தையும் குளக்கரையையும் சுத்தம் செய்து, ஊர்க்காரர்களிடம் பேசிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் தெரிகிற மாற்றத்தை அவர்களின் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒரு பள்ளியில் அந்த வாய்ப்பு ஒரு சிறு குழுவுக்குத்தான். மற்றவர்களுக்குப் பதினைந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை தேர்வு ஒன்றே வாழ்க்கை. வேலைக்கான நேர்காணலில் வாய் திறக்க முடியவில்லை என்று பின்னால் நாம் கவலைப்படுவது இதே பிள்ளைகளைப் பற்றித்தான்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. பதினோராம் வகுப்பு மாணவர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை நாலைந்து பேராகப் போய் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அந்த எலுமிச்சைச் சோதனையை நடத்தலாம், செய்தி வாசிக்கப் பழக்கலாம், சந்தைக் கணக்கைச் சரிபார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவும் பொறுமை காக்கவும் பழக்கமாகும். சின்னப் பிள்ளைகளுக்குத் தங்களைப் போலவே அதே ஊரிலிருந்து, அதே பேருந்தில் வருகிற அண்ணனும் அக்காவும் செய்து காட்டுவதைப் பார்க்கக் கிடைக்கும். இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ஒரு பீரியட் ஒதுக்கி, யார் எப்போது போகிறார்கள் என்று எல்லாப் பெயரையும் சேர்த்து ஒரு முறைப் பட்டியல் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.